ஒஹையோ ஸ்கேனும் டோக்கியோ ஸ்கேனும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகனுக்குப் போன மாதம் நள்ளிரவில் கடும் வயிற்றுவலி. அவசரப் பிரிவில் ஒரு சிடி ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நான்கு மணி நேரம் படுக்கை. வாயுத் தொல்லைதான் என்று அனுப்பிவிட்டார்கள். பில் 7,400 டாலர்! இன்சூரன்ஸ் போக இவன் கட்ட வேண்டியது 2,100. "பணக்கார நாடு, தும்மினாலும் டாக்டரிடம் ஓடுவார்கள், அதுதான் செலவு" என்கிறார் என் நண்பர். அப்படியா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மகன் இப்போது நலம்தானே?

தும்மினால் ஓடுகிறவர்கள் ஜப்பானியர்கள். சராசரியாக ஒருவர் ஆண்டுக்குப் பத்து முறைக்கு மேல் மருத்துவரைப் பார்க்கிறார். அமெரிக்கர் நான்கு முறை பார்த்தால் அதிகம். மக்கள்தொகைக்கு ஸ்கேன் இயந்திரம் அதிகம் இருப்பதும், கிழவர் கிழவிகள் அதிகம் இருப்பதும் ஜப்பானில்தான். அப்படியிருந்தும் நாட்டின் மொத்த உற்பத்தியில் மருத்துவத்துக்குப் போவது அங்கே 11 சதவீதம் அளவில். அமெரிக்காவில் 17 சதவீதத்துக்கு மேல்.

விஷயம் விலையில் இருக்கிறது. ஊவே ரைன்ஹார்ட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் பணக்கார நாடுகளின் மருத்துவச் செலவை ஒப்பிட்டு 2003ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'விலைதான்யா காரணம், மடையா' என்கிற தொனியில் இருக்கும் அதன் தலைப்பு.

ஜப்பானில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு புள்ளி போட்டு வைத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு 10 யென். டோக்கியோ பெரிய ஆஸ்பத்திரிக்கும் தீவிலிருக்கும் சின்ன கிளினிக்குக்கும் ஒரே பட்டியல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். 2002ல் எம்.ஆர்.ஐ. கட்டணத்தை நன்றாகவே வெட்டினார்கள். ஆஸ்பத்திரிகள் மலிவான இயந்திரம் கேட்டன, கம்பெனிகளும் செய்து கொடுத்தன.

அமெரிக்காவில் ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியோடும் தனித்தனியே பேரம் பேசுகிறது. ஊரில் இருப்பதே ஒரு ஆஸ்பத்திரி என்றால் பேரம் எங்கே படியும்? போதாததற்கு ஆளுக்கொரு விதி, ஆளுக்கொரு படிவம். அதைப் பார்க்கவே தனி ஊழியர் படை. அந்த 7,400 பெரும்பாலும் யாரும் முழுதாகக் கட்டாத பட்டியல் விலையாகத்தான் இருக்கும். நம்மூர் ஆடித் தள்ளுபடிக்கு முன் ஏற்றி ஒட்டுகிற விலை மாதிரி.

மருந்தில் இது இன்னும் அப்பட்டம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923ல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வந்த புது வகைகளில் ஒன்று, 1996ல் அமெரிக்காவில் ஒரு குப்பி 21 டாலருக்கு அறிமுகமாகி, இருபது வருடத்தில் 250ஐத் தாண்டியது. அப்போது எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனால் அதே மருந்து அதில் ஒரு சின்னப் பங்கு விலைக்குக் கிடைத்தது. பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தவர்கள் உண்டு. முதியோருக்காக அமெரிக்க அரசு நடத்தும் மெடிகேர் இன்சூரன்ஸ் திட்டம் மருந்துக் கம்பெனிகளோடு பேரம் பேசக்கூடாது என்று 2003ல் சட்டமே போட்டிருந்தார்கள். (மிகப் பெரிய வாடிக்கையாளரின் வாயைக் கட்டுவதற்கு ஒரு சட்டம்!) 2022ல்தான் அதைத் தளர்த்தினார்கள், அதுவும் சில மருந்துகளுக்கு மட்டும்.

அப்புறம், மகனை அந்த 2,100ஐ உடனே கட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று வரிவாரியாகப் பில் கேட்கட்டும். தவறாகச் சேர்த்தது ஏதாவது இருந்தால் அதில்தான் தெரியும். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால், வசதி குறைந்தவர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் சம்பளத்துக்கு அது கிடைப்பது சந்தேகம்தான். தவணையாவது கேட்கலாம்.