கேள்வி பதில்: அயல்நாட்டுத் தேர்தலும் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கட்சியும்

அமெரிக்காவின் சிறு கட்சிகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கட்சியைச் சுற்றி, அதிலும் அயல்நாட்டுத் தேர்தல்களில் தலையிடுவது பற்றி அதன் கருத்தைச் சுற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி: சார், இப்படி ஒரு கட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. யார் இவர்கள்?

அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1991இல் ஹோவர்ட் பிலிப்ஸ் என்பவர் தொடங்கியது. அப்போது பெயர் 'அமெரிக்க வரி செலுத்துவோர் கட்சி'. 1999இல்தான் கான்ஸ்டிடியூஷன் கட்சி, அதாவது அரசமைப்புக் கட்சி ஆனது. பிலிப்ஸ் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். நிக்சன் காலத்தில் வறுமை ஒழிப்புக்கென இருந்த ஓர் அரசு அலுவலகத்துக்கு, அதை இழுத்து மூடுவதற்காகவே தலைவராக உட்கார்த்தப்பட்டவர். ஆளை இதிலேயே புரிந்துகொள்ளலாம்.

கட்சியின் கொள்கை அறிக்கை, இயேசு கிறிஸ்துவை உலகத்தையும் அமெரிக்காவையும் ஆள்பவர் என்று அறிக்கையிட்டுத்தான் தொடங்கும். கருக்கலைப்பு கூடாது, ஐ.நா.விலிருந்து வெளியேற வேண்டும், அயல்நாட்டு உதவி ஒரு சல்லிக்காசு கூடாது. 2016இல் இவர்களுடைய அதிபர் வேட்பாளர் டாரல் காசில் சுமார் 2 லட்சத்து 3 ஆயிரம் வாக்குகள் வாங்கினார். அதிபர் தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் அதுதான்.

சேலம்: அயல்நாட்டுத் தேர்தலில் தலையிடுவது பற்றி அவர்களுடைய நிலை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. எல்லா நாடுகளோடும் சமாதானமாக இரு, அவற்றின் உள்விவகாரத்தில் தலையிடாதே, நம் விவகாரத்தில் அவர்களைத் தலையிட விடாதே என்பதுதான் அறிக்கையின் அயலுறவுப் பகுதியின் சாரம். ஒரு நாட்டுக்குத் தேர்தலைவிட உள்விவகாரம் வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் சுருக்கமாகச் சொன்னால் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகும். மற்ற நாட்டு மக்கள் பாவம், அவர்கள் உரிமையைப் பறிக்கலாமா என்ற வழியில் இவர்கள் வாதம் போவதில்லை. சொந்த அரசாங்கத்தின் கையைக் கட்டிப்போடுவதுதான் நோக்கம். நாடாளுமன்றத்துக்கு என்னென்ன அதிகாரம் என்று அரசமைப்பின் முதல் பிரிவில் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாதது மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்கிறது பத்தாவது திருத்தம். 1983இல் ரீகன் காலத்தில் உருவான, பிற நாடுகளில் ஜனநாயகத்தை வளர்க்க என்று சொல்லி அங்குள்ள அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கும் 'ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம்' ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் ஓடுகிறது. 1990 நிகராகுவா தேர்தலுக்கென்று 90 லட்சம் டாலர் அதன் வழியே அனுமதிக்கப்பட்டது. அங்கே ஆட்சியில் இருந்த இடதுசாரி சாந்தினிஸ்டாக்கள் தோற்று வியோலெட்டா சமோரோ ஜெயித்தார். ஒஹையோவில் ஒரு விவசாயியிடம் வாங்கிய வரியை நிகராகுவாவில் செலவழிக்கப் பட்டியலில் எந்த வாசகம் அனுமதிக்கிறது? இவர்களுடைய கணக்கில், எதுவுமில்லை.

பழைய ஆதாரமும் கையில் வைத்திருக்கிறார்கள். 1796இல் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் விடைபெறும்போது, அந்நியச் செல்வாக்கு குடியரசுக்குப் பெரிய எதிரி என்று எச்சரித்தார். 1801இல் அதிபர் ஜெஃபர்சன், எல்லோரோடும் நட்பு, யாரோடும் சிக்கலான கூட்டு வேண்டாம் என்றார்.

நாகர்கோவில்: அண்ணே, கிறிஸ்தவக் கட்சி என்கிறீர்கள். கம்யூனிஸ்டுகளைத் தோற்கடித்துக் கிறிஸ்தவர்களை ஜெயிக்க வைக்கப் பணம் கொடுத்தால் இவர்கள் சந்தோஷம்தானே பட வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. இந்தக் கொள்கைக்கு உண்மையான சோதனையே இதுதான்.

1948 ஏப்ரல் 18, இத்தாலியத் தேர்தல். ஒரு பக்கம் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த கூட்டணி, மறுபக்கம் டி காஸ்பெரியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. சி.ஐ.ஏ. தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை, பை பையாகப் பணம் போனது. அமெரிக்காவில் இருந்த இத்தாலியர்களைக் கொண்டு ஊரில் உள்ள உறவினர்களுக்குக் கடிதம் எழுத வைத்தார்கள். கம்யூனிஸ்டுகள் வந்தால் உதவி கிடைக்காது என்று வாஷிங்டன் வெளிப்படையாகவே சொன்னது. டி காஸ்பெரி கட்சி 48 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் தெருவில் இறங்கி வேலை செய்ததால், பணம் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்வோர் உண்டு.

அந்தப் பணம் 1948உடன் நிற்கவில்லை, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஓடியது. சரி, விளைவு? 1978இல் இத்தாலியில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சட்டத்தில் பிரதமராகக் கையெழுத்திட்டவர் அதே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஆந்திரேயொட்டி. 1990களின் தொடக்கத்தில் லஞ்ச வழக்குகளில் மாட்டி அந்தக் கட்சியே கரைந்துபோனது. இது என் வாதம், கட்சியின் அறிக்கையில் இருப்பதல்ல. ஆனால் பணம் கொடுத்து வளர்த்த 'நம்மாள்' கடைசிவரை நம்மாளாக இருப்பதில்லை என்று இவர்களோடு சேர்ந்து நானும் சொல்வேன்.

பிலிப்ஸும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980களில், கட்சி பிறப்பதற்கு முன், அங்கோலாவில் சவிம்பியின் யூனிட்டா கிளர்ச்சிப் படைக்கு ஆதரவாகத் தீவிரமாகப் பிரச்சாரம் செய்தவர் அவர். கம்யூனிசம் என்ற பூதம் இருந்தவரை தலையிடாமைக் கொள்கை பரணில் கிடந்தது, சோவியத் சரிந்த பிறகுதான் கீழே இறங்கியது.

மதுரை: இந்தியத் தேர்தலிலும் அமெரிக்கப் பணம் விளையாடியதா?

1973 முதல் 1975 வரை இங்கே அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் 1978இல் எழுதியது இது: கேரளாவிலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளைத் தடுக்க இரண்டு முறை காங்கிரசுக்கு சி.ஐ.ஏ. பணம் போனது, அதில் ஒரு முறை இந்திரா காந்தியிடமே கொடுக்கப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று இந்திரா மறுத்தார்.

பாளையங்கோட்டை: கருக்கலைப்புக்கு எதிராக வெளிநாட்டில் பிரச்சாரம் செய்ய அமெரிக்க அரசு பணம் கொடுத்தால்?

அதையும் ஏற்க மாட்டார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களிடமிருந்து இவர்கள் பிரியும் இடம் இது. 2010 ஆகஸ்டில் கென்யாவில் புதிய அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு ஆதரவாக ஒபாமா அரசு 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாகவும், அது கருக்கலைப்புக்கு வழி திறக்கும் என்றும் குடியரசுக் கட்சியின் கிறிஸ் ஸ்மித் புகார் சொன்னார். அதே நேரத்தில் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவச் சட்ட அமைப்பு 'வேண்டாம்' பக்கத்துக்குத் தன் பணத்தைக் கொண்டுபோனது. ஆக, எந்தப் பக்கத்துக்குப் பணம் என்பதில்தான் அங்கே சண்டை. கான்ஸ்டிடியூஷன் கட்சியின் அளவுகோலை வைத்தால், அரசுப் பணம் எந்தப் பக்கம் போனாலும் தப்பு.

வேளாங்கண்ணி: அப்படியானால் ஊழியமும் கூடாதா ஐயா?

அது கூடும். தனி மனிதர் சொந்தக் காசில் செய்வது வேறு, அரசு வரிப்பணத்தில் செய்வது வேறு. டாரல் காசிலே ருமேனியாவின் புக்காரெஸ்டில் ஏழை ரோமா பிள்ளைகளுக்காகத் தொண்டு நிறுவனம் நடத்தியவர்தான்.

கோயம்புத்தூர்: ரஷ்யா 2016 அமெரிக்கத் தேர்தலில் தலையிட்டதை அமெரிக்கா கண்டிக்க யோக்கியதை இருக்கிறதா?

டோவ் லெவின் என்ற ஆய்வாளர் 1946 முதல் 2000 வரை இரு வல்லரசுகளும் பிறர் தேர்தல்களில் செய்த 117 தலையீடுகளை எண்ணினார். அமெரிக்கா 81, சோவியத்தும் ரஷ்யாவும் 36. யோக்கியதையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கொள்கை அளவில், இரண்டு பக்கமும் கதவைச் சாத்து என்று சொல்லும் இவர்களுக்கு இந்தக் கேள்வியால் சங்கடம் இல்லை.

சென்னை: டிரம்ப் யூ.எஸ்.எய்டை மூடிவிட்டாரே. இவர்கள் நினைத்தது நடந்துவிட்டதா?

பாதி. அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்டு 2025 ஜூலை முதல் தேதியோடு தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது, இவர்களுக்குத் தித்திப்பான செய்திதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவுக்கு 2,000 கோடி டாலர் நாணய ஏற்பாட்டைச் செய்துகொடுத்துவிட்டு, அங்கே நடக்கவிருந்த தேர்தலில் அதிபர் மிலேய் தோற்றால் நாங்கள் தாராளமாக இருக்க மாட்டோம் என்று டிரம்ப் பகிரங்கமாகச் சொன்னார். மிலேயின் கட்சி ஜெயித்தது. 1948இல் இத்தாலியர்களுக்குச் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது மறைப்பதில்லை, அவ்வளவே.

தூத்துக்குடி: கொள்கையில் இவ்வளவு உறுதியாக இருந்தும் ஏன் வளரவில்லை?

காரணம் பெரும்பாலும் தேர்தல் முறை. வாக்குச்சீட்டில் பெயர் வரவே மாநிலத்துக்கு மாநிலம் கையெழுத்து வேட்டை ஆட வேண்டும். உச்சத்தில் இருந்த 2016இலேயே 24 மாநிலங்களின் சீட்டில்தான் காசில் பெயர் இருந்தது. அப்புறம், அயலுறவுக் கொள்கைக்காக வாக்குப் போடுபவர்கள் எங்குமே குறைவு. இவர்களுக்கு விழும் வாக்கிலும் கணிசமானது கருக்கலைப்புக்காகவும் வரிக்காகவும் விழுவது என்றுதான் நான் நினைக்கிறேன்.