அப்பாவின் நினைவு நாளுக்கு அண்ணன் வருவாரா?

கேள்வி: அன்புள்ள டீச்சர், நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அப்பா இறந்தபோது தப்பு மேளம் அடிக்கக் கூடாது, செபமாலை சொல்லக் கூடாது என்று சண்டை பிடித்தார். குழி வெட்டியதும் பெட்டியைத் தூக்கியதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் இந்துப் பிள்ளைகள்தான். நாங்கள் வாசலில் தர்க்கம் பண்ணிக்கொண்டு நின்றோம். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு. “இறந்தவருக்காகச் செபிக்கும் இடத்துக்கு வரமாட்டேன், உங்கள் ஞானஸ்நானமே செல்லாது” என்கிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். என்ன செய்வது?
— ஒரு தங்கை

பதில்: மகள், பெட்டியைத் தூக்கிய அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஆண்டவரைக் கும்பிடுகிற நாம் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

ஞானஸ்நானத் தர்க்கம் புதிதல்ல. வேதாகமத்திலேயே, கொரிந்து நகரச் சபையில் “நான் பவுலைச் சேர்ந்தவன்”, “நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்” என்று பிரிந்து நின்றதைக் குலோவேயாளின் வீட்டார் பவுலுக்குச் சொல்லியனுப்பினார்கள். கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் ஸ்தேவானின் வீட்டாருக்கும் தவிர அங்கே வேறு ஒருவருக்கும் தான் ஞானஸ்நானம் கொடுத்ததாக நினைவில்லை என்றும், அதற்காகக் கடவுளுக்கு நன்றி என்றும் அவர் பதில் எழுதினார். யார் கையால் பெற்றோம் என்பதை வைத்துக் கட்சி கட்டுவதை அவர் அவ்வளவு வெறுத்தார்.

ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தானாக விசுவாசித்து அறிக்கை செய்கிறவருக்கே ஞானஸ்நானம் என்பது பல தலைமுறையாகப் பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் மக்கள் உண்மையாகப் பிடித்திருக்கும் நம்பிக்கை. குழந்தையில் பெற்றதை அவர்கள் ஞானஸ்நானமாக எண்ணுவதில்லை, ஆகவே அவர்கள் கணக்கில் அது இரண்டாவது ஞானஸ்நானமே அல்ல. மற்றப் பக்கத்தில், தண்ணீரால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கரும் அங்கிலிக்கன்காரரும் மெதடிஸ்தரும் ஒருவருடையதை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார்கள். 1982இல் பெருவின் லீமா நகரில் கூடிய இறையியலாளர்களும், அவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், மறு ஞானஸ்நானமாகத் தோன்றக்கூடிய எதையும் தவிர்க்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஆகவே “செல்லாது” என்ற சொல்லை அண்ணன் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கக் கூடாது. வளர்ந்தபின் தேடிக் கண்டதை வைத்து, தன்னைக் கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோனவளைத் தீர்ப்பிடுவது விசுவாசம் ஆகாது.

இனிச் செய்ய வேண்டியது. ஆள் அனுப்பாதீர்கள், போனிலும் பேசாதீர்கள். நீங்களே போய் முதலில் அண்ணியோடு உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள். அப்பாவுக்கான திருப்பலியைக் காலையிலேயே ஒப்புக்கொடுத்துவிடுங்கள். செபமாலையை இரவில் வீட்டில் சொல்லுங்கள். இரண்டுக்கும் அண்ணனைக் கூப்பிட்டு வற்புறுத்த வேண்டாம், அவருடைய மனச்சாட்சி அது. பின்னேரம் கல்லறையில் கூடும்போது 90ஆம் சங்கீதத்தை வாசிக்கும்படி அவரைக் கேளுங்கள். உங்கள் வேதாகமத்திலும் அது இருக்கிறது, அவருடையதிலும் இருக்கிறது. இறந்தவருக்கான மன்றாட்டு அதில் ஒரு சொல்கூட இல்லை. மூத்த மகன் வாசிக்க அம்மா கேட்கட்டும். கல்லறையைச் சுற்றிய மானாப்புல்லை முதல்நாளே வெட்டித் துப்புரவாக்குங்கள், அந்த வேலைக்கும் அண்ணனைக் கூப்பிடுங்கள். சேர்ந்து குனிந்து புல் வெட்டுகிற இருவர் அதிக நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. அப்பாவுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், ஆனால் படத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். படைத்த சோறு என்று நினைத்தால் அண்ணன் கை நனைக்கமாட்டார். நேரே அடுப்பிலிருந்து இலைக்குப் போகட்டும்.

நான் அங்கிலிக்கன், என் கணவர் கத்தோலிக்கர். திருப்பலியில் நற்கருணை வாங்க அவர் எழுந்து போகும்போது நான் வாங்கிலேயே இருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது வலிக்கத்தான் செய்கிறது. பிரிவு ஒன்றுமில்லை என்று உங்களுக்குச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயர்களும் சங்கங்களும் தீர்க்க வேண்டியதை அவர்கள் தீர்க்கட்டும், அதற்காக நான் தினமும் மன்றாடுகிறேன். அப்பாவின் குழிமேட்டில் பிள்ளைகள் சேர்ந்து நிற்பதற்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

கேள்வி: தென்னிந்தியாவில் சபைகள் ஒன்றானதுபோல் இலங்கையில் ஏன் ஒன்றாகவில்லை?
— பண்டாரவளை வாசகர்

பதில்: தம்பி, முயற்சி இல்லாமல் போகவில்லை. 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த நம் யாழ்ப்பாணச் சபையும் அதில் சேர்ந்தது. இங்கேயும் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்டிஸ்ட், பிரெஸ்பிடேரியன் சபைகளும் அந்த யாழ்ப்பாணச் சபையின் ஆதீனமும் (ஆயர் மாவட்டம்) ஆண்டுக்கணக்காகப் பேசித் திட்டம் வகுத்தன. 1972இல் ஒரே இலங்கைத் திருச்சபையாகத் தொடங்குவதாக இருந்தது. நீதிமன்ற வழக்கொன்று அதை நிறுத்தியது, அதற்குப் பிறகும் அது நிறைவேறவேயில்லை. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபைக்குள் குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசிகளின் ஞானஸ்நானமும் இரண்டும் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, நாம் இழந்தது எவ்வளவு பெரிது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை. 1963இல் நம் இலங்கைச் சபைகளில் சில சேர்ந்து தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி பிலிமத்தலாவையில் இன்றும் நடக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் பல சபைப் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் படித்துக் குருமாராகிறார்கள். நீங்கள் ஊழியத்துக்குப் போக எண்ணியிருந்தால் நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் போகும் பஸ்ஸில் ஏறினால் போதும்.