விக்க மனமே இல்லாம நீங்கள் வித்த பொருள் எது? ஏன் வித்தீங்கள்?

என்ர செலிக்கா. 1994ல ஜப்பான்ல செஞ்ச டொயோட்டா செலிக்கா ஜிடி-ஃபோர், எஸ்டி205 எண்ட மொடல், அதிலயும் டபிள்யூஆர்சி எடிஷன், அதாவது உலக ராலிச் சாம்பியன்ஷிப்புக்கெண்டு செஞ்சது. 2009ல வாங்கி 2024 பெப்ரவரியில வித்தனான். இதை எழுதேக்கையும் ஜன்னலால அது நிண்ட இடம் தெரியுது, நிலத்தில ஒயில் சொட்டின கறை ரெண்டு இன்னும் கிடக்கு, கழுவ மனம் வரேல்லை.

ஏன் இந்தக் கார் எண்டு முதல்ல சொல்லோணும். 93ல நான் லண்டனுக்கு வரேக்க 13 வயசு. இங்கிலீஷ் சரியா வராது, பள்ளிக்கூடத்தில கூட்டாளிமாரும் இல்லை, சனிக்கிழமையில மச்சான் பிக்காடிலியில ட்ரொகடேரோ எண்ட விளையாட்டு மெஷின் இருக்கிற கட்டிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான், அங்க தான் சேகா ராலி எண்ட கார் ஓட்டுற கேம் விளையாடப் பழகினனான். அதில முதல்ல எடுக்கக்கூடியது ரெண்டு கார், ஒண்டு லான்சியா டெல்டா, மற்றது கஸ்ட்ரோல் நிறம் அடிச்ச செலிக்கா. நான் ஒருநாளும் லான்சியாவைத் தொட்டதில்லை. அந்த மெஷினுக்கு முன்னால நிக்கேக்க பாஷை தேவையில்லை, பின்னால நிண்டு பாக்கிற வெள்ளைக்காரப் பெடியளும் "அடுத்த வளைவு பார்" எண்டு கத்துவாங்கள், எனக்கு இந்த ஊர் ஒட்டத் தொடங்கினது அங்க தான்.

அந்தக் காலத்தில ராலிக் காருகளுக்கு இருந்த குரூப் ஏ விதிப்படி ராலிக்கெண்டு தனியா ஒரு காரைச் செஞ்சு கொண்டுவர ஏலாது, ரோட்டில ஓடுற மாதிரி அதே கார் 2,500 செஞ்சு காட்டோணும். அதால தான் என்னை மாதிரி ஆக்களின்ர கையிலயும் இது வந்தது. அலுமினியப் பொனற், ஸ்பொய்லரை உயத்திறதுக்குக் கீழ வைக்கிற கட்டை, டர்போக் காத்தைக் குளிராக்கிற இன்டர்கூலருக்குத் தண்ணி அடிக்கிற ஏற்பாடு எல்லாம் கம்பனியே போட்டு வந்தது. காலை எடுத்தாலும் டர்போ சுத்திக்கொண்டே இருக்க வைக்கிற ஆன்டி-லாக் (anti-lag) பைப் கூட இருக்கும், ரோட்டுக் காரில அது வேலை செய்யாது, ஆனா இருக்கும். பொனற்றைத் திறந்து அந்தப் பைப்பைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தெரியேல்லை. 2 லீட்டர் டர்போ எஞ்சின், ஜப்பான்ல 255 பிஎஸ் (குதிரைவலு) எண்டு வித்தவங்கள், நாலு சில்லும் இழுக்கும். மழைக்குள்ள வளைவில காலைக் கொஞ்சம் அமத்தினா மற்றக் காருகள் வழுக்கிற இடத்தில இது நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு போகும்.

செலிக்கா எண்டவுடன "ஓ, அந்தக் கள்ளக் காரோ" எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். 1995ல டர்போவுக்குப் போற காத்தைக் கட்டுப்படுத்திற ரெஸ்ட்ரிக்டரில டொயோட்டா டீம் களவு செஞ்சது உண்மை. சோதனைக்குக் கழட்டினா எல்லாம் சரியா இருக்கும், திருப்பி இறுக்கிப் பூட்டினா உள்ளுக்குள்ள நகந்து பக்கத்தால காத்தை விடும். கார்ப் பந்தயங்களை நடத்திற உலகச் சங்கமான எஃப்ஐஏக்குத் தலைவரா இருந்த மேக்ஸ் மோஸ்லியே, தான் முப்பது வருஷத்தில கண்டதில இது தான் ஆகக் கெட்டித்தனமான வேலை எண்டு சொன்னவர். பிழை பிழை தான், 12 மாசத் தடையும் சரி தான். ஆனா அதோட உலகச் சாம்பியன்ஷிப்பில இந்தக் காரின்ர வாழ்க்கை முடிஞ்ச மாதிரித் தான், அங்க எஸ்டி205க்குக் கிடைச்ச ஒரே வெற்றி 1995 கோர்சிகா ராலி, டிடியே ஓரியோல் ஓடினது. பேர் எடுக்காத காரெண்டதால சுபாரு, மிட்சுபிஷி ஈவோ மாதிரி இதுக்கு வெளியில ஆரும் பார்ட்ஸ் செய்யவும் பெருசா முன்வரேல்லை, கனபேர் எஞ்சினைக் கழட்டி டொயோட்டாவின்ர மற்ற ஸ்போர்ட்ஸ் காரான எம்ஆர்2க்குப் போட்டிட்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்கு எறிஞ்சவை. அதைப் பாக்கேக்க எனக்கு வயிறு எரியும்.

பார்ட்ஸ் பிரச்சினையில ஆகப் பெரிசு முன் ஸஸ்பென்ஷன். சூப்பர் ஸ்ட்ரட் எண்டு ஒரு தனி அமைப்பு, அதின்ர ஆர்ம் தேய்ஞ்சா ஸ்டியரிங் திருப்பேக்க டொக் டொக் எண்டு சத்தம் வரும், புது ஆர்ம் லேசில கிடையாது. ஒண்டுக்காக ரெண்டு வருஷம் தேடி கடைசியில ஜப்பான்ல இருந்து எடுப்பிச்சனான், மனிசி பெட்டியைப் பாத்திட்டு என்ன நகையோ எண்டு கேட்டவ.

விக்க வைச்சது ஆர்ம் இல்லை, யூலெஸ் (ULEZ), புகை கூடின வாகனங்களிட்ட லண்டனில காசு அறவிடுற திட்டம். நாங்கள் இருக்கிறது ஹரோவில. 2023 ஓகஸ்ட் 29ல இருந்து லண்டன் முழுக்க வந்திட்டுது, பெற்றோல் கார் எண்டா யூரோ 4 எண்ட புகைத் தரம் இருக்கோணும், அதாவது பெரும்பாலும் 2005க்குப் பிறகு வந்த கார், இல்லாட்டி ஓடுற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். கணக்கு நடுச்சாமத்தில இருந்து நடுச்சாமம், ராத்திரி 11 மணிக்கு வெளிக்கிட்டு 1 மணிக்குத் திரும்பினா 25 பவுண். பழங்கார் எண்டு விலக்குக் கிடைக்க 40 வயசாகோணும், என்ர காருக்கு இன்னும் பத்து வருஷம் கிடந்தது. நான் அந்தச் சட்டத்தைப் பிழை சொல்ல மாட்டன். என்ர இளையவளுக்குத் தொய்வு, பம்ப் இல்லாம பள்ளிக்கூடம் விடேலாது. அவளை வீட்டில வைச்சுக்கொண்டு என்ர காரின்ர புகைக்கு நியாயம் கதைக்க எனக்கு வாய் வராது.

அப்ப கவர் போட்டு நிப்பாட்டினன். நிப்பாட்டினது தான் பிழை. ரெண்டு மாசத்தில பற்றரி செத்தது, டிஸ்க் எல்லாம் துரு, பின் கலிப்பர் ஒண்டு இறுகிப்போச்சு. 30 வருஷம் ஓடிக்கொண்டிருந்த கார் வீட்டு வாசல்ல நிண்டு பழுதாகுது. காரை ஸ்க்ராப்புக்குக் குடுத்தா 2,000 பவுண் தருவினம் எண்டு ஒருத்தர் நல்லெண்ணத்தில தான் சொன்னவர், நான் அண்டைக்குச் சாப்பிடேல்லை.

யூலெஸ் இல்லாத நாள் வருஷத்தில ஒண்டு இருக்கு, டிசம்பர் 25. கலிப்பரைச் சரிபண்ணி, புதுப் பற்றரி போட்டு, 2023 நத்தார் அண்டு காலமை ஏழு மணிக்கு மூத்தவளை ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். ரிக்மன்ஸ்வேர்த், அமர்ஷம், அதுக்கு அங்கால சில்டர்ன் மலை ரோட்டுகள். ரோட்டில ஒரு குருவி இல்லை, ஈரம், இலை அழுகிக் கிடக்கு. மூண்டாவது கியரில டர்போ எழும்பேக்க அவள் ஒண்டும் கதைக்கேல்லை, சிரிச்சுக்கொண்டு கதவுப் பிடியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள். திரும்பி வரேக்க "அப்பா, இது இனி அடுத்த நத்தாருக்கு தானா?" எண்டு கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரேல்லை. அண்டைக்கு ராத்திரி விளம்பரம் எழுதினன்.

வந்தவையில ரெண்டு பேர் தான் உண்மையா வாங்கிற ஆக்கள். ஒருத்தர் 15,000 பவுண் தாறன் எண்டவர், சூடு வைச்ச ஸ்டோருக்குள்ள பத்து வருஷம் வைச்சிருந்து பிறகு விக்கப்போறாராம், ஓடவே மாட்டாராம். மற்றவர் வேல்ஸில மச்சின்லெத் பக்கம் ஆடு வளக்கிறவர், அங்க டவி (Dyfi) எண்ட காட்டுக்குள்ள ராலி வரேக்க வேலிக்கு வெளியில நிண்டு பாத்து வளந்தவர், வீட்டில ஏற்கெனவே இதுக்கு முந்தின செலிக்கா மொடல் எஸ்டி185 ஒண்டு வைச்சிருக்கிறார். 13,500க்கு மேல ஏலாது எண்டு நேராவே சொன்னார். வந்தவுடன பொனற்றைத் திறக்கேல்லை, கீழ படுத்து ஆர்மைத்தான் பாத்தார். அந்த இடத்திலயே என்ர மனம் தீர்மானிச்சிட்டுது. 1,500 பவுண் எங்களுக்குச் சின்னக் காசில்லை, மனிசியிட்ட கேட்டனான், "அவருக்கே குடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டா. பிறகு பாத்தா அவவும் அழுதிருக்கிறா.

பேப்பர் எல்லாம் குடுத்து, திறப்பைக் குடுக்கேக்க கை கொஞ்சம் நடுங்கினது. ரோட்டு முனையில திரும்புறதுக்கு முதல் அவர் இரண்டாவது கியருக்கு மாத்தின சத்தம் கேட்டுது, அவ்வளவு தான்.

போன கிழமை படம் ஒண்டு அனுப்பியிருந்தார், சில்லுக்கு மேல வரைக்கும் சேறு. மற்றப் பக்கத்துக்கு ஜப்பான்ல இருந்து எடுத்து வைச்ச ஆர்ம் ஒண்டு குடுக்க மறந்து படிக்குக் கீழ பெட்டியோட கிடக்கு. தபால்ல அனுப்பலாம், ஆனா ஓகஸ்ட் லீவுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன், மூத்தவளும் வாறாளாம்.