பதினேழு குர்தி, பதினொரு பக்கம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டரை ஒப்புதல் முதல் கப்பலேறும்வரை பார்த்துக்கொள்பவளாக இருக்கிறேன். வயது 29, சம்பளம் 26,000. காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டு ஆகும். ஷிப்மென்ட் வாரமென்றால் பத்து. எனக்குப் படம் வரைவதுதான் உயிர். நொய்யல் ஆற்றங்கரையில் வளரும் ஒரு சிறுமியைப் பற்றிச் சித்திரக்கதை ஒன்று தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பது பக்கத்தில் பதினொன்றுதான் முடிந்திருக்கிறது. நான் வரைவேன் என்று தெரிந்ததால் டி-ஷர்ட் பிரிண்டையும் மேனேஜர் என் தலையில் கட்டுகிறார். அதற்குத் தனியாக எதுவும் தருவதில்லை. இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. தையல் லைனில் பெண்கள் படும் பாட்டைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரி போனில் 399 ரூபாய் குர்திக்கு ஆர்டர் போடுகிறேன். இந்த வருஷம் மட்டும் பதினேழு! கைத்தறி என்றால் விலை கட்டுப்படியாகவில்லை. ஆர்கானிக் என்று போட்டிருப்பதை நம்பவும் முடியவில்லை. வேலையை விட்டால் இரண்டுக்கும் விடிவு கிடைக்குமா? தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: வேலையை இப்போது விட வேண்டாம். காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன். குர்திக்கு ஆர்டர் போகிற நேரம் எது? ராத்திரி. பதினொரு மணி நேர வேலை முடிந்து, சாப்பிட்டு, படம் வரைய உட்கார வேண்டிய அதே நேரம். வரையத் தெம்பில்லை, பேசாமல் படுத்துவிடவும் மனசு வரவில்லை, கை போனுக்குப் போகிறது. அந்தப் பதினேழில் நிஜமாகவே தேவைப்பட்டு வாங்கியது நாலோ ஐந்தோ இருக்கும். மீதியெல்லாம் அன்று பட்ட பாட்டுக்கு நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொண்ட கூலி. இரண்டு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உங்களுடைய நாளில் நல்ல நேரம் முழுவதும் கம்பெனிக்குப் போய், மிஞ்சிய சக்கை நேரத்தில் ஓவியமும் மனசாட்சியும் அடித்துக்கொள்கின்றன.

அதனால் ராத்திரியை நம்புவதை விட்டுவிடுங்கள். ஒன்பது மணி ஆபீஸுக்கு எட்டரைக்குக் கிளம்பினால் போதும். ஆறிலிருந்து ஏழு வரை உங்களுடையது. அந்த ஒரு மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும். ‘தினமும் வரைந்தே தீருவேன்’ என்ற சபதம் மட்டும் வேண்டாம். உங்கள் தொழிலில் அது நடக்காது, மூன்றாம் நாளே உடைந்து குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். எந்த ஆர்டர் எந்தத் தேதியில் கப்பலேற வேண்டும் என்ற அட்டவணை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. எந்த வாரம் உங்களை விழுங்கப்போகிறது என்பது மாதத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்த வாரங்களில் புதுப் பக்கம் தொடங்காதீர்கள். சின்ன ஸ்கெட்ச் நோட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் கிறுக்கினால் போதும். கைமடிக்கும் பெண்ணின் விரல்கள், செக்கிங் டேபிளில் குனிந்த தோள்கள், கட்டிங் ரூம் விளக்கு. சரக்கு கிளம்பிய மறுவாரம் மூச்சு விடக் கிடைக்கிறதே, மை போடுவதையும் வண்ணம் போடுவதையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவதற்கு வருகிறேன். தமிழில் எழுதியவர்களைப் பாருங்கள், பெரும்பாலோர் வேறொரு வேலையில் இருந்துகொண்டுதான் எழுதினார்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். வண்ணதாசன் வங்கியில் இருந்தார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தார். அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்துக்கு வந்தார். பெரிய எழுத்தாளரானார். பணக் கஷ்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவரைப் போலத் துணிகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் சேமிப்பு என்ற சொல்லே இல்லை. ஓவியர்கள் வேலையை விட்டால் என்ன நடக்கிறது என்று நிறையப் பார்த்திருக்கிறேன். வாடகைக்காகக் கல்யாணப் பத்திரிகை, லோகோ, யாரோ ஒருவர் பிள்ளையின் பிறந்தநாள் கேலிச்சித்திரம் என்று வந்ததையெல்லாம் வரைவார்கள். பகலெல்லாம் அடுத்தவருக்கு வரைந்த கை, ராத்திரி தன் கதைக்கு நகராது. இப்போதாவது ஆபீஸ் உங்கள் மூளையைத்தான் பிடுங்குகிறது, கையை விட்டுவைத்திருக்கிறது.

அந்தக் கையையும் மேனேஜர் கேட்கிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி, வேலையின் ஒரு பகுதியாக நீங்கள் செய்துகொடுக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் உங்கள் முதலாளிதான். நாளைக்கு அவசரத்துக்கு உங்கள் நொய்யல் சிறுமியையே ஒரு குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு வரைந்து கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்புறம் அவள் யாருடையவள் என்று வழக்கு நடத்த வேண்டிவரும். நியமனக் கடிதத்தை எடுத்து, படைப்புரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சொந்த வேலையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், அங்கே சேமித்தும் வைக்காதீர்கள். பிரிண்ட் வரைவது உங்கள் வேலையில் எழுதப்படாததென்றால், மேனேஜரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: “செய்யறேன் சார், ஆனா சனிக்கிழமை மதியத்தோட என்னை விட்டுடுங்க.” காசு கேட்டால் முகம் சுளிப்பார். நேரம் கேட்டால் யோசிப்பார். உங்களுக்கும் காசைவிட அதுதானே வேண்டும்?

கதை நொய்யலைப் பற்றியது என்பதால் இதையும் சொல்கிறேன். ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது உங்களுக்குப் பதினைந்து வயது இருக்கும். ஆற்றின் நிறத்தையும் பார்த்திருக்கிறீர்கள், பட்டறை மூடினால் எத்தனை வீட்டில் உலை கொதிக்காது என்பதையும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வரைய வேண்டிய கதை அது. அதைவிட்டு எங்கே போகப்போகிறீர்கள் அம்மிணி?

இனி அந்த 399 ரூபாய்க்கு வருவோம். நியாயமாக வாங்குவது என்றதும் எல்லோரும் கடை வாசலில் நிற்கிற தன்னைத்தான் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் விஷயத்தில் அது பாதிகூட இல்லை. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே சாவரில் தையல் ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்களே, அதற்கு முதல்நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த கடைகளும் வங்கியும் மறுநாள் திறக்கவில்லை. மேல்மாடித் தையல்காரர்களை மட்டும் வேலைக்கு வரச்சொன்னார்கள். ஆர்டர் முடிய வேண்டுமே! அதன்பிறகு அங்கே தொழிற்சாலைக் கட்டடங்களின் பாதுகாப்பில் மாற்றம் வந்ததென்றால், அதில் பெரிய பங்கு வெளிநாட்டு பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்திய ஒப்பந்தத்துக்கு உண்டு. அதே ஆண்டு மே மாதம் தொழிற்சங்கங்களோடு போட்டது அது. யாரோ ஒருத்தி ஒரு சட்டை வாங்காமல் விட்டதால் வந்த மாற்றமில்லை.

அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியில் நீங்களே உட்கார்ந்திருக்கிறீர்கள். லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல் ஒரு வாரம் தாமதமாகிறது, பிரிண்டில் கடைசி நிமிஷத் திருத்தம் வருகிறது, கப்பல் தேதி மட்டும் அசைவதில்லை. அந்த ஒரு வாரத்தை யார் ஈடுகட்டுகிறார்கள்? நூல் மில்லும் ஈடுகட்டாது, சாயப்பட்டறையும் ஈடுகட்டாது. கடைசியில் இருக்கிற தையல், செக்கிங், பேக்கிங்தான் ஈடுகட்டுகிறது. ஒன்றரை ஷிப்ட் அப்படித்தான் விடிய விடிய நீள்கிறது. ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து தாமதம் வந்த அன்றைக்கே, “உங்கள் ஒப்புதல் இத்தனை நாள் தள்ளி வந்திருக்கிறது, டெலிவரியையும் அத்தனை நாள் தள்ளித் தர வேண்டும்” என்று எழுத்தில் கேளுங்கள். மேலதிகாரிக்கு நகல் போடுங்கள். பத்தில் மூன்று முறை கிடைத்தாலும், அந்த லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் ராத்திரி தூக்கம் மிஞ்சும். பதினேழு குர்தியை வாங்காமல் விட்டாலும் இது நடக்காது. காஸ்டிங் ஷீட்டில், அதாவது செலவுக் கணக்கில், விலை குறைக்கச் சொன்னால் முதலில் தையல் கூலியில் கை வைக்கிற வழக்கம் இருக்கிறதல்லவா, அங்கேயும் ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்கள். உங்கள் பதவிக்கு எல்லாம் முடியாது, தெரியும். நான் சொன்ன அந்த மெயிலாவது முடியும்.

வாங்குவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், சொல்லாமல் விட மாட்டேன். பதினேழு குர்தியை வெட்கப்பட்டு யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிழியும்வரை போடுங்கள். தைத்த பெண்ணுக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை அதுதான். போனில் கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணை அடித்தாக வேண்டுமென்றால் பாதி ஆர்டர் போகாது.

லேபிள் விஷயத்தில் என்னைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். ஆனாலும் மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்றால் துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தைத்தவருக்கு என்ன கூலி என்று அது சொல்லாது. காட்ஸ் (GOTS) என்கிற ஆர்கானிக் முத்திரை பருத்தியோடு சாயக்கழிவு, தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் பார்க்கிறது. ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் அந்த முத்திரையோடு இருக்கும். அவை இல்லாமல் வெறும் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் அது அச்சகத்துக்காரரின் கைவண்ணம்.

கைத்தறி விலை கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தொடவில்லை. அந்த விலைக்கே நெசவாளிக்கு இவ்வளவுதான் போகிறது. ஆகவே கைத்தறி என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, இடைத்தரகர் குறைவாக உள்ள இடத்தில் வாங்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் கோ-ஆப்டெக்ஸும் அதற்கு இருக்கின்றன. விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்பவர்கள் எங்கும் உண்டு, 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறவருக்குப் புடவை எதற்கு? இரண்டரை மீட்டர் கைத்தறித் துணி எடுத்து உங்கள் தெரு தையல்காரரிடம் கொடுங்கள். துணியும் கூலியும் சேர்ந்து இரண்டு ஆன்லைன் குர்தியின் விலைக்குக் கொஞ்சம் மேலே போகலாம். வருஷத்துக்கு நாலு தைத்தால் போதும். பதினேழுக்குப் போன 6,783 ரூபாயில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். அதைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நாளைக்கு வேலையை விடுவதைப் பற்றிப் பேச ஆறு மாதச் செலவுப் பணமாவது கையில் இருக்க வேண்டும்.

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் செகண்ட்ஸ் (ஏற்றுமதியில் கழித்த துணி) வாங்கினால் பாவமா என்று இன்னொரு திருப்பூர் வாசகி முன்பு கேட்டிருந்தார். தைத்து முடித்துத் தேங்கிய சரக்கு அது. அளவாக வாங்குங்கள், பாவமெல்லாம் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் நியாய வணிகம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற பெண்ணுக்கு உட்கார ஸ்டூல் இருக்கிறதா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஸ்டூல் இல்லாத கடையில் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அவர்களுக்கு உறைக்கும். நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ‘அப்புறம் வர்றேன்’ என்று எழுந்து போகாமல் இருப்பதும் இதில் சேர்த்திதான்.

அம்மாவின் புடவை. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி இருக்கும். கூட்டம் நெருக்குவதற்கு முன், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே நெகமம் பருத்திப் புடவை இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்றது, உழைக்கும். பட்டு வேண்டுமென்றால் சில்க் மார்க் பார்த்து எடுங்கள். இதெல்லாம் வேண்டாம், துவைத்து உதறிக் கட்டிக்கொள்ளப் பூனம் புடவைதான் வசதி என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் அதையே எடுத்துக் கொடுங்கள். உங்கள் கொள்கைக்காக அவர் வாராவாரம் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்க்க வேண்டாம்.