குளிரில் செம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். கலவை முறையில் செம்பின் தன்வெப்பக் கொள்ளளவைத் (ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடேற்ற வேண்டிய யூல்களை) துணியும் செய்முறை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “ரீச்சர், இந்த 385 எந்தக் குளிரிலும் 385தானா?” என்று கேட்டாள். குளிரக் குளிரக் குறையும் என்று மட்டும் சொன்னேன். “உலோகத்துக்குள் இலத்திரன்கள் சுயாதீனமாகத் திரிகின்றன என்று படித்தோமே, அவை வெப்பத்தை வாங்காதா?” என்று திரும்பவும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கண்ட பெரிய குளிர் முல்லைத்தீவில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ்தான். பாடத்திட்டத்தில் இல்லாததை, ஆய்வுகூடத்தில் காட்ட முடியாததை, அவர்களுக்குச் சொல்வதில் பயன் உண்டா?

ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உண்டு. கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி, 1900இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் துரூடே உலோகத்துக்குள் இலத்திரன் வாயுவைக் கற்பனை செய்த நாளிலிருந்து ஏறத்தாழ முப்பது வருடம் பெரிய பெரிய மூளைகளை அலைக்கழித்த கேள்வி. கிளிநொச்சியில் ஒரு பிள்ளை அதைத் தானாகவே கேட்டிருக்கிறாள் என்பதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

முதலில், காட்டக்கூடியதைக் காட்டுங்கள். செம்பின் 385ஐ அதன் ஒரு மூலின் (எந்த உலோகத்திலும் ஒரே எண்ணிக்கையான அணுக்கள் கொண்ட அளவின்) திணிவான 0.0635 கிலோகிராமால் பெருக்கினால் ஏறத்தாழ 24.5 யூல் வரும். அலுமினியத்துக்கு 900ஐ 0.027ஆல் பெருக்கினால் 24.3. அடுத்து, வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளை ஒரு கடற்தொழிலாளியிடம் கேட்டு வாங்குங்கள். ஈயத்தின் தன்வெப்பம் மிகக் குறைவு என்பதால் ஈயம் நிறையவும் தண்ணீர் குறையவும் எடுக்க வேண்டும்: கொதிநீரில் கிடந்த 200 கிராம் ஈயத்தை 100 கிராம் தண்ணீருக்குள் போட்டால் வெப்பமானி நான்கு பாகை அளவு ஏறும். அதிலிருந்து கிட்டத்தட்ட 128 கிடைக்கும், 0.207ஆல் பெருக்கினால் 26.5. பாரமான அணுவும் இலேசான அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் கேட்கின்றன. 1819இல் டுலோங், பெட்டி என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டது இதுதான். அணுக்களின் அதிர்வுக்கு மட்டும் கணக்குப் போட்டால் வாயு மாறிலியின் மூன்று மடங்கு, அதாவது 24.9, வருகிறது.

இங்கேதான் அந்தப் பிள்ளையின் கேள்வி குறுக்கே நிற்கிறது. அணுவுக்கு ஓர் இலத்திரன் வாயுத் துணிக்கைபோலத் திரிந்தால் இன்னொரு 12.5 யூல் சேர வேண்டும். செம்பு 37ஐக் காட்ட வேண்டும். காட்டவில்லையே!

குளிர்த்தினால் என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிர்வு சக்தியைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும், குளிரில் ஒரு சொட்டுக்குக்கூட வழியில்லாமல் போகும் என்று 1907இல் ஐன்ஸ்டைன் காட்டினார். பெர்லினில் நேர்ன்ஸ்ட் அளந்து பார்த்தபோது வெப்பக் கொள்ளளவு உண்மையிலேயே விழுந்தது, ஆனால் ஐன்ஸ்டைனின் வளையி சொன்ன வேகத்தில் விழவில்லை. 1912இல் டிபாய் அதைத் திருத்தினார். அணுக்கள் தனித்தனியே அதிர்வதில்லை, ஒலி அலைபோலச் சேர்ந்தே அசைகின்றன. நீண்ட அலைகளுக்குச் சிறு சொட்டே போதும். ஆகவே மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்களின் பங்கு வெப்பநிலையின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் குறைகிறது.

இலத்திரனுக்கான விடை 1927–28இல் சோமர்ஃபெல்டிடமிருந்து வந்தது. ஒரு நிலையில் இரண்டு இலத்திரன்கள் இருக்க முடியாது. அவை கீழிருந்து மேலாக நிரம்பி நிற்கின்றன. செம்பில் அந்த நிரம்பலின் உயரத்தை வெப்பநிலையாகச் சொன்னால் ஏறத்தாழ 80,000 கெல்வின் (கெல்வின் அளவில் பூச்சியம் என்பது –273 பாகை செல்சியஸ்). இரணைமடுக் குளத்தில் காற்று அடித்தால் மேல்தண்ணீர்தான் அலையும், அடித்தண்ணீர் அசையாது. அதுபோல அறையின் 300 கெல்வின் வெப்பம் மேல்மட்டத்து இலத்திரன்களை மட்டுமே அசைக்கும். ஆகவே அறை வெப்பநிலையில் இலத்திரன்கள் வாங்குவது 0.2 யூல் அளவுதான். 24.5க்குள் அது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இந்தப் பங்கு வெப்பநிலைக்கு நேர்விகிதமாகவே குறைகிறது. அணுக்களின் பங்கோ வெப்பநிலையின் மூன்றாம் அடுக்குப்படி விழுகிறது. அதனால் குளிரக் குளிர இலத்திரன் வெளியே தெரியத் தொடங்கும். செம்பில் 4 கெல்வினுக்குச் சற்றுக் கீழே இரண்டு பங்கும் சமம். 1 கெல்வினில் இலத்திரனின் பங்கு மற்றதைப்போல 14 மடங்குக்கு மேல். அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். 1908இல் நெதர்லாந்தின் லைடனில் கமர்லிங் ஒன்னஸ் அதை உண்டாக்கினார். 1930களில் கீசம் அங்கேயே இலத்திரனின் பங்கை அளந்தார்.

ஹீலியத்தை எங்கே காட்டுவது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அளந்தவர்கள் அளந்துவிட்டார்கள். போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை ஒன்று இருந்த மண்ணில், வரைபுத்தாளும் அடிமட்டமும் போதாதா? 1, 2, 3, 4 கெல்வினில் ஒரு மூல் செம்பின் வெப்பக் கொள்ளளவு முறையே 0.743, 1.77, 3.38, 5.84 மில்லியூல். ஒவ்வொன்றையும் அதனதன் வெப்பநிலையால் பிரிக்கச் சொல்லுங்கள்: 0.743, 0.885, 1.127, 1.46. கிடையச்சில் வெப்பநிலையின் வர்க்கத்தை, 1, 4, 9, 16 என்று, குறிக்கட்டும். நான்கு புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நிலைக்குத்து அச்சை 0.695க்கு அருகே வெட்டும். அந்த வெட்டுத்துண்டு முழுவதும் இலத்திரனுடையது. கோட்டின் சரிவைக் காட்டும் படித்திறன், சுமார் 0.048, அணுக்களுடையது.

அந்த மாணவியையே கரும்பலகைக்கு அழைத்து இந்தக் கோட்டைப் போடச் சொல்லுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு வெள்ளியைக் கொடுக்கலாம். அதன் வெட்டுத்துண்டு 0.65க்குக் கிட்ட வரும், கோடு செம்பினதைவிடச் செங்குத்தாக ஏறும். ஈயத்தை மட்டும் இந்த வரைபுக்குக் கொடுக்காதீர்கள். 7.2 கெல்வினுக்குக் கீழே அது மின்தடையே இல்லாத மீகடத்தியாகிவிடுகிறது. அங்கே இந்த நேர்கோடு கிடைக்காது. ஏன் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.