'ரைற்றர்' ஒரு பட்டமாகுமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் நடத்தவுள்ள நூலாய்வுக் கூட்டத்தின் அழைப்பிதழை ஆங்கிலத்திலும் அச்சிடுகிறோம். 'நந்தி என்னும் எழுத்தாளர்' என்பதை 'எ ரைற்றர் பை நேம் நந்தி' என்று எழுதினேன். நண்பர் ஒருவர் அதனை 'ரைற்றர் நந்தி' என்று திருத்தினார். எது சரி?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இரண்டையும் விடுத்து, 'த ரைற்றர் நந்தி' என்று அச்சிடுங்கள்.

தமிழில் எழுத்தாளர், கவிஞர், பேராசிரியர் ஆகிய எல்லாச் சொற்களும் பெயருக்கு முன்னே மதிப்படைமொழியாக நிற்கின்றன. ஆங்கிலத்திலோ 'டொக்டர்', 'புரொஃபெசர்' போன்ற சில சொற்களுக்கே அந்த உரிமை உண்டு. 'ரைற்றர்' தொழிலைக் குறிக்கும் பெயர் மட்டுமே என்பதால் அதன் முன்னே 'த' வேண்டும். இதற்கு நந்தியே நல்ல எடுத்துக்காட்டு. சிவஞானசுந்தரம் என்ற இயற்பெயர் கொண்ட அவர், மருத்துவராகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராகவும் விளங்கியவர். ஆகவே 'புரொஃபெசர் சிவஞானசுந்தரம்' என்னும்போது 'த' வேண்டியதில்லை. அதே மனிதரைப் புனைபெயரால் சுட்டும்போது 'த ரைற்றர் நந்தி' என்றாகிவிடுகிறது.

உங்கள் நண்பரின் திருத்தத்தை முற்றிலும் பிழையென்று தள்ளவும் முடியாது. 1923இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் 'டைம்' சஞ்சிகை பரப்பிய அந்தச் சுருக்க வழக்கு, இன்று செய்தித்தாள்களில் இயல்பாகவே வருகிறது. ஆயினும் அழைப்பிதழுக்கும் கட்டுரைக்கும் அந்தச் செய்தி நடை பொருந்தாது என்பதே என் கருத்து.

'பை நேம்' என்பது நம் 'என்னும்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்தது. அவ்விடத்தில் ஆங்கிலேயர் 'எ ரைற்றர் கோல்ட் நந்தி' என்பர். இலக்கணப்படி அது சரியே. ஆனால், 'இவரை நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள்' என்ற குறிப்பும் அதில் அடங்கியிருக்கிறது. அவரை வாசித்து வளர்ந்த கொழும்புத் தமிழருக்கு அனுப்பும் அழைப்பிதழில் அப்படி எழுதுவது அவருக்குச் செய்யும் குறை. அவரை அறியாத வாசகர்களும் வருவார்களெனில் 'த ஸ்ரீலங்கன் தமிழ் ரைற்றர் நந்தி' என்று விரித்தெழுதலாம். அறிமுகமும் கிடைக்கும், மதிப்பும் குறையாது. பொலிஸ் முறைப்பாட்டிலும் நீதிமன்ற ஏட்டிலும் காணப்படும் 'வன் மிஸ்டர்' என்ற தொடரை மட்டும் எழுத்தாளர் எவருக்கும் இட்டுவிடாதீர்கள்.

காற்புள்ளியிலும் கவனம் தேவை. எழுத்தாளர் பலருள் இன்னாரென்று பெயரே பிரித்துக் காட்டுவதால், 'த ரைற்றர் நந்தி' என்பதன் நடுவே காற்புள்ளி வராது. 'த ஓதர் ஒஃப் திஸ் புக்' என்று தொடங்கினால், அந்நூலுக்கு ஆசிரியர் ஒருவரே என்பதால் பெயரின் இருபுறமும் காற்புள்ளி இட வேண்டும். இயற்பெயரையும் சேர்த்துத் தர விரும்பினால், 'புரொஃபெசர் சிவஞானசுந்தரம்' என்று எழுதிக் காற்புள்ளியிட்டு, 'ஹூ ரோட் அண்டர் த நேம் நந்தி' என்று தொடருங்கள். அவர் மறைந்துவிட்டமையால் 'ரைற்ஸ்' என்பதற்குப் பதிலாக 'ரோட்' என்ற இறந்தகாலமே அங்கு வரவேண்டும்.