தோட்டாவைக் குறைப்பதா, துப்பாக்கியைக் குறைப்பதா?

கேள்வி: எனக்கு 64 வயது, ஊர் பாபநாசம். பதினைந்து வருடமாக .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறேன். போன வருடம் டெக்சாஸில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஷெட்டிலேயே ஒரு சின்ன கை மெஷின் வைத்துக்கொண்டு, காலிக்கூடுகளில் மருந்தைக் குறைத்துப் போட்டு, தானே தோட்டா செய்கிறார். அதை .38 ரிவால்வரில் போட்டுச் சுட்டுப் பார்த்தேன், உதையே இல்லை. என்னுடையது அப்படி இல்லை, கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது. அந்த மெஷினை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா? பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுடத்தான்.

பதில்: கொண்டுவராதீர்கள் சார். மகன் வாங்கி அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள், தோட்டா' என்பதற்கான விளக்கத்திலேயே தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்யும் இயந்திரமும் சேர்ந்துதான் வருகின்றன. உங்கள் கையில் இருப்பது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ், தயாரிக்க வேறு லைசென்ஸ் வேண்டும், அது வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து செய்பவருக்குக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. அனுமதி இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். மூட்டு வலிக்கு மருந்து தேடப் போய் இதில் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

சட்டத்தை விடுங்கள், அந்த டெக்சாஸ்காரர் செய்வது ஏன் அங்கே சரியாக வருகிறது என்பதைப் பார்த்தால் உங்களுக்கு ஏன் அது தேவையே இல்லை என்பதும் புரியும். உதை என்பது வெளியே போகும் ரவையின் எடை, அதன் வேகம், கூடவே வெளியேறும் வாயு இவற்றுக்கு எதிராகத் துப்பாக்கி பின்னால் வருவதுதான். அவர் ரவையின் வேகத்தைக் குறைக்கிறார், உதை குறைகிறது, அவ்வளவுதான் ரகசியம். ஆனால் .38 ஸ்பெஷல் 1898-ல் வந்த தோட்டா, கரிமருந்துக் காலத்து ஆள், நிறைய மருந்து அடைக்க வேண்டும் என்று கூட்டை நீளமாக வைத்தார்கள். இன்றைய புகையில்லா மருந்தில் ஒரு சிட்டிகை போதும், அந்தச் சிட்டிகை கூட்டின் அடியில் எங்கேயோ கிடக்கும். அதனால் கவனம் பிசகி இரண்டு முறை போட்டாலும் கூடு நிறைந்து வழியாது, பார்த்தால் தெரியாது, சுடும்போதுதான் தெரியும். ரொம்பக் குறைத்தால் வேறு வில்லங்கம்: ரவை குழலை விட்டு வெளியே போகாமல் பாதியில் நின்றுவிடும், 'புஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், அது தெரியாமல் அடுத்ததையும் சுட்டால் குழல் வீங்கிவிடும் அல்லது வெடித்துவிடும். பழகியவர்களே கொஞ்ச மருந்துத் தோட்டாவுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

இப்போது உங்கள் .32-க்கு வருவோம். இந்திய .32 ரிவால்வர்கள் சுடுவது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் வகைத் தோட்டா, 1896-லிருந்து இருப்பது. உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் சுடுபவர்கள் மென்மையாக இருக்கிறது என்று தேடிப் பிடித்து வாங்குவது இதே வகையைத்தான், மூக்கு தட்டையான ரவை வைத்தது. ஆக நீங்கள் குறைக்க நினைக்கும் தோட்டா ஏற்கெனவே குறைந்ததுதான். பிறகு ஏன் வலிக்கிறது? உங்களுடையது எந்த மாடல் என்று எழுதவில்லை. 2014-ல் வந்த நிர்பீக் ரிவால்வர் மாதிரி அரை கிலோ எடையில் இருந்தால் அதே தோட்டா கையைக் கூடுதலாகத்தான் உதைக்கும், போட்டித் துப்பாக்கி அதைப்போல இரண்டு மடங்கு எடை இருக்கும். பைக்குள் வைக்க வசதியாகச் செய்த சாமான் சுட்டு விளையாட வசதியாக இருக்காது, சைக்கிள் வாங்கி அதில் நெல் மூட்டை ஏற்ற முடியவில்லை என்று வருத்தப்படுவது போல. இன்னொன்று, ஒவ்வொரு முறையும் ரிவால்வரின் பின்பக்கம் இருக்கிற சுத்தியலைக் (ஹேமர்) கட்டைவிரலால் இழுத்துவிட்டுச் சுடுகிறீர்களா? அப்படியானால் வலிக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். உங்கள் மாடலுக்குப் பொருந்துகிற கொஞ்சம் பருமனான ரப்பர் பிடி கிடைக்குமா என்று லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் கேளுங்கள், தோட்டாவில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

சரி, எங்கே சுடுவது? தென்னந்தோப்பில் டப்பா வைத்துச் சுடுவதை எழுதியிருக்கிறீர்கள் (அதை அச்சில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன், இனி செய்யாதீர்கள்). தற்காப்புக்கு என்று கொடுத்த லைசென்ஸை அதற்குப் பயன்படுத்தினால் புதுப்பிக்கும் நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திருச்சி கே.கே.நகரில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, 2022-ல் மாநிலப் போட்டி திருச்சியில் நடந்தபோது அஜித் வந்து கூட்டம் அலைமோதியதே, ஞாபகம் இருக்கும். பாபநாசத்திலிருந்து ரயிலேறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். சொந்த ரிவால்வரை அனுமதிப்பார்களா, எந்தக் கிழமை, என்ன கட்டணம் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்று கேட்காதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் உங்களுக்கு வேண்டியது .32 இல்லை. கணக்கைப் பாருங்கள்: .32 ரவை 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல், .22 ரவை இரண்டரை கிராம் சொச்சம், ஏர்பிஸ்டல் பெல்லட் அரை கிராம். தோட்டாவைக் குறைக்க முடியாது, துப்பாக்கியைக் குறைக்கலாம். அரை கிராம் பெல்லட் மூட்டை என்ன செய்துவிடப் போகிறது? 10 மீட்டரில் ஏர்பிஸ்டல் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர் குறுக்களவுதான், ஒரு சுண்டைக்காய் அகலம். ஒற்றைக் கையால் அதை அடிக்கப் பாருங்கள், டெக்சாஸ் மறந்துபோகும்.

கேள்வி: மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பையன் எட்டாவது படிக்கிறான், மனு பாக்கர் பதக்கம் வாங்கியதிலிருந்து ஏர்பிஸ்டல் கேட்டு ஒரே பிடிவாதம். கடையில் விசாரித்தால் 'பவர் அதிகம்' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், ரிவால்வர் மாதிரியே இருக்கிற ஒன்றையும் காட்டுகிறார்கள். லைசென்ஸ் வேண்டுமா? எதை வாங்குவது?

பதில்: இப்போது எதையும் வாங்காதீர்கள் அம்மா, முதலில் கிளப்பில் மூன்று மாதம் அவர்களுடைய பிஸ்டலிலேயே சுடட்டும். ஆசை தாங்கினால் பிறகு பார்க்கலாம். என் வீட்டுப் பரணில் ஒரு கீபோர்டும் ஒரு கேரம் போர்டும் இருக்கின்றன, அதனால் சொல்கிறேன்.

குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் வெளியேறும் பெல்லட்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள், கேட்காமல் கொடுக்கிற கடையில் வாங்காதீர்கள். இந்த இரண்டு எண்ணும் பெட்டியிலோ பில்லிலோ எழுத்தில் இருக்க வேண்டும். 'பவர் அதிகம்' என்பது குறி பார்ப்பவனுக்குப் பெருமையே இல்லை. போட்டி பிஸ்டல்களின் சக்தி அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும், 10 மீட்டர் தாண்டிக் காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் எதற்கு? விலை ஏறுவது சக்தியால் இல்லை, விரலால் இழுக்கிற விசையால் (டிரிகர்). போட்டியில் விசை குறைந்தது 500 கிராம் எடை தாங்க வேண்டும், அந்த 500 கிராமில் பிசிறில்லாமல் விடுபடுகிற விசையைச் செய்வதில்தான் ஸ்டெய்ர், மோரினி, பார்தினி போன்றவர்கள் காசு வாங்குகிறார்கள்.

ஸ்பிரிங் வகை மலிவு, ஆனால் உள்ளே பிஸ்டன் ஓடுவதால் பெல்லட் வெளியேறும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் ஆடும், பையன் தன்மேல் தப்பு என்று நினைத்துச் சோர்ந்துபோவான். திருவிழாவில் பலூன் சுடுகிற கடைத் துப்பாக்கி இதே ரகம்தான். கார்பன்-டை-ஆக்சைடு குப்பி வகை உதை இல்லாமல் இருக்கும், ஆனால் வாயு அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்குவதால் சித்திரை வெயிலில் ஒரு மாதிரியும் மார்கழியில் ஒரு மாதிரியும் சுடும், குப்பிச் செலவு வேறு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். காற்று நிரப்பும் சிலிண்டர் வகைதான் கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம். பழையது யாராவது விற்றால் சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள், போட்டி பிஸ்டல் சிலிண்டருக்குப் பொதுவாக 10 வருடக் கெடு, அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ரிவால்வர் மாதிரியே இருப்பதைத் தொடாதீர்கள். பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ராஜகோபாலசாமி கோயில் வாசலில் நின்றால் பார்க்கிறவர்களுக்கு அது பொம்மை என்று தெரியவா போகிறது?

பெல்லட் தட்டை மூக்காக வாங்குங்கள், காகிதத்தில் வட்டமாக வெட்டும், எண்ணிக்கை பார்க்கச் சுலபம். பால்ரஸ் மாதிரி இரும்புக் குண்டு வேண்டவே வேண்டாம், சுவரில் பட்டு கண்ணுக்குத் திரும்பி வரும். ஈயத்துக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் ரேழியிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோடு, பத்து மீட்டர் தாராளமாக வரும், ஆனால் அந்தக் கோட்டில் யாரும் குறுக்கே வரமுடியாதபடி இரண்டு பக்கமும் தாழ் போட்டுவிட்டுத்தான் சுட வேண்டும். பாட்டி தயிர்க்கிண்ணத்தோடு எந்த நேரமும் வரலாம்.

கேள்வி: டெல்லிக் கடை ஒன்றில் ஆன்லைனில் ஸ்பிரிங் ஏர்பிஸ்டல் வாங்கினேன். இரண்டாவது வாரமே காற்றுப் பிடிக்கவில்லை. 'எண்ணெய் போட்டீர்களா, வெறுமனே சுட்டீர்களா' என்று கேட்டுத் தட்டிக் கழிக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து டெல்லிக்கா வழக்குப் போட முடியும்?

பதில்: டெல்லிக்குப் போக வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், உங்களுக்குத் தஞ்சாவூர். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே பதில் வந்துவிடுகிறது என்று என்னிடம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், மனசாட்சியோடு பதில் யோசியுங்கள். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் ஏர்கன்னைச் சுட்டால் பிஸ்டனுக்கு எதிராகக் காற்றுத் தடை இருக்காது, பிஸ்டன் காற்றறையின் முன்சுவரில் போய் மோதி சீல் போய்விடும். காற்றறைக்குள் எண்ணெய் விட்டால் அது அழுத்தத்தில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொண்டு இன்னும் கெடும். நானே ஐப்பசி மழையில் துருப் பிடிக்கிறதே என்று என் முதல் ஏர்கன்னுக்குத் தேங்காயெண்ணெய் பூசினவன், தையில் எடுத்துப் பார்த்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, வாரண்டி கேட்க வாய் வரவில்லை. நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை என்றால் பெட்டி திறந்தபோது எடுத்த வீடியோ, பில், அவர்களோடு பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: வயலில் மயில் தொல்லை, திருத்துறைப்பூண்டி பக்கம். ஏர்கன் வாங்கலாமா? சாகாது, விரட்டத்தான்.

பதில்: மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பெல்லட் பட்ட பறவை அங்கேயே விழாது, நாலு நாள் கழித்து எங்கேயோ சாகும், கேஸ் உங்கள் பேரில் வரும். கொக்கு, மடையானுக்கும் இதே பதில், லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி என்பதால் சுடுகிற உரிமை வந்துவிடாது. சேதத்தைப் படமெடுத்து வனத்துறையில் எழுதிக் கொடுங்கள், ஏர்கன் காசுக்கு வலை வாங்கலாம்.